காதுத் திருடி

வாஷிங் மெஷின் தண்ணீர் பிடித்து முடிக்கிறவரை ஒன்றும் கேட்காது என்று அமலோற்பவத்துக்குத் தெரியும், அதனால் அவசரப்படாமல் அடுத்த நெத்திலியை எடுத்துத் தலையைக் கிள்ளினாள். தலையோடு குடலும் சேர்ந்து வழுக்கிக்கொண்டு வந்தால் புது மீன், பாதியில் பிய்ந்தால் ஐஸில் கிடந்த மீன். விடியக்காலம்தான் காரைக்காலிலிருந்து வண்டி வந்தது என்று மார்க்கெட்டில் அந்தப் பொம்பளை மாதா மேல் சத்தியம் பண்ணித்தான் அள்ளிப் போட்டாள், எடுக்கிறதெல்லாம் பாதியில் பிய்கிறது, மாதாவுக்கு இருக்கிற வேலையில் மீனுக்குச் சாட்சி சொல்ல வேறு வரவேண்டும். அடுப்படித் தரையில் பழைய பேப்பரை விரித்து, ஒரு பக்கம் மீன் குண்டான், ஒரு பக்கம் தலை போடுகிற கிண்ணம், நடுவில் காலை நீட்டி அமலோற்பவம். முதுகுக்கு மேலே ஜன்னல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் துணி காயப்போடுகிற ஒடுக்கமான பால்கனி, அங்கேதான் மெஷின், மெஷினை ஒட்டிக் கவிழ்த்துப்போட்ட வாளி, வாளி மேல் ஜெனோவா, காதில் போன். சனிக்கிழமை காலையென்றால் இதுதான் ஏற்பாடு. மகள் அங்கே உட்கார்ந்து கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருக்கிற சிநேகிதி மெஹர்நிஷாவோடு பேசுவாள், தாய் இங்கே கீரையோ மீனோ வெங்காயமோ எதையாவது மடியில் போட்டுக்கொண்டு, ஒன்றுமே விளங்காதவள் மாதிரி உட்கார்ந்து, ஒரு சொல் விடாமல் கேட்பாள். அவளுக்கு விளங்காது என்றுதான் அந்த இரண்டு பெண்களும் நம்பிக்கொண்டிருந்தார்கள், ஏனென்றால் அவர்கள் பேசியது தமிழ் இல்லை, இங்கிலீஷ் இல்லை, உலகத்தில் அவர்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாத பாஷை. இல்லாத ஒரு நாட்டில், முடிவே இல்லாத குளிர்ந்த புல்வெளியில், வண்டி கட்டிக்கொண்டு ஓர் இடத்தில் தங்காமல் போய்க்கொண்டே இருக்கிற, இல்லாத ஜனங்களின் பாஷை.

அந்த ஜனங்களுக்கு வைட்டர் என்று பெயர். பெயரை முதல் தடவை கேட்டபோது அமலோற்பவத்துக்குக் கையில் இருந்த கரண்டி நின்றுவிட்டது, அது அவளுடைய சொல். ஜெர்மனிக்கு வேலைக்குப் போகிற நர்ஸுப் பிள்ளைகளுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுப்பது அவள் பிழைப்பு. கொரோனா சமயத்தில் வகுப்பெல்லாம் வீட்டுக்குள் வந்து ஏறிக்கொண்டது, ஒற்றைப் படுக்கையறை வீடு, ஹாலுக்கும் அறைக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு, இந்தப் பக்கம் லேப்டாப் முன்னால் அவள், அந்தப் பக்கம் கட்டிலில் ஜெனோ. ஒரு பிள்ளை வாக்கியத்தை முடித்ததும் ‘வைட்டர்’ என்பாள், மேலே போ என்று அர்த்தம், அடுத்த பிள்ளை திக்கினால் ‘வைட்டர், வைட்டர்’, நின்றுவிடாதே, தப்பானாலும் பரவாயில்லை, போ. அன்றாடம் எத்தனை தடவை சொல்லுவாளோ. தடுப்புக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம் இல்லாமல் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடந்த பிள்ளை, விழுந்ததையெல்லாம் பொறுக்கி, வாலை நறுக்கி, காதைத் திருகி, ஒரு பாஷையே கட்டிவிட்டது. நர்ஸு வகுப்பில் பொறுக்கினது என்பதால் வைட்டர்களிடம் பூனைக்குச் சொல் கிடையாது, கல்யாணத்துக்குச் சொல் கிடையாது, வலிக்கு மட்டும் வண்டி வண்டியாக உண்டு, குத்துகிற வலி, இழுக்கிற வலி, எரிகிற வலி, விட்டுவிட்டு வருகிற வலி. படுத்த படுக்கையாகக் கிடப்பவரைப் புண் வராமல் புரட்டிவிடுவதற்கென்றே ஒரு தனிச் சொல். இந்தச் சொத்தை வைத்துக்கொண்டு அந்த ஜனங்கள் காதலித்தார்கள், சண்டை போட்டார்கள், வெள்ளத்தில் ஆறு தாண்டினார்கள். ஒரு வைட்டர் பெண் தன்னை விட்டுப் போனவனை நினைத்து, எனக்கு விட்டுவிட்டு வருகிறது என்று பாடுவாளாம், அதை ஜெனோ பால்கனியில் மெதுவாகப் பாடிக் காட்டினபோது அமலோற்பவம் தாளித்துக்கொண்டிருந்த கடுகைக் கருகவிட்டாள். பெற்ற வயிறு குளிர்ந்தது என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளவும் முடியாது. சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று வரும்.

பதினைந்து வயதுப் பிள்ளை தாயிடம் பேசாமல் இல்லாத ஜனத்திடம் பேசப்போனது ஏன் என்று யாராவது கேட்டால் அதற்குப் பதில் அமலோற்பவத்திடம் இருந்தது, ஆனால் அவளே அதன் பக்கம் போகமாட்டாள், போனால் பிலோமி அக்கா அங்கே நிற்பாள். கூடப்பிறந்த பிலோமி செத்துப்போன வருஷம் அமலோற்பவம் படுத்துவிட்டாள். காய்ச்சலும் இல்லை, நோவும் இல்லை, படுத்தவள் எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான். கத்தாரில் இருந்து புருஷன் வெள்ளிக்கிழமை தவறாமல் போன் பண்ணி, சாப்பிட்டியா என்று கேட்டான், சாப்பிட்டேன் என்று ஜெனோதான் பதில் சொன்னாள், ஜெனோதான் சோறு வடித்தாள், கஞ்சியை ஆற்றி வாயில் வைத்தாள், தலைமாட்டில் உட்கார்ந்து, “ம்மா, இந்தப் பக்கம் திரும்பிப் படும்மா, ஒரே பக்கமா கெடக்காத” என்று தோளைப் பிடித்துப் புரட்டினாள். எழுந்து வகுப்பு எடுக்கத் தொடங்கின பிறகும் அந்தப் பிள்ளை தாயை மண்குடம் மாதிரியே பார்த்தது. மார்க் நல்லா வந்தால் சொல்லும், குறைந்தால் சொல்லாது. சிரிக்கிற விஷயம் சொல்லும், அழுகிற விஷயம் சொல்லாது. இப்போது காலேஜில் இரண்டாம் வருஷம், தாயைவிட உயரம், இருவருக்கும் நடுவில் இருக்கிற தமிழ் என்னவென்றால் கேஸ் தீந்துருச்சு, சார்ஜர் எங்க, கதவைச் சாத்து. தாய்மொழி என்று இதைத்தான் சொல்கிறார்கள் போலிருக்கிறது.

மெஷின் தண்ணீர் பிடிப்பதை நிறுத்திவிட்டு யோசித்தது. அந்த மெஷினுக்கு அப்படி ஒரு பழக்கம், துவைக்கத் தொடங்கும் முன்னால் கொஞ்ச நேரம் சும்மா நிற்கும். அமலோற்பவத்தின் விரலும் நின்றது. ஜன்னல் வழியாக ஒரு சிரிப்பு வந்தது, பிறகு ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றி ஏதோ, பிறகு புல் காய்ந்துபோய் மாடுகள் மெலிந்துவிட்டன என்று ஏதோ, கதையும் ஹாஸ்டலும் ஒன்றுக்குள் ஒன்று போய் வரும் அவர்களுக்கு, அதற்குள் மெஷின் புரளத் தொடங்கிவிட்டது. கேட்டால்தான் என்ன, கேட்காவிட்டால்தான் என்ன, கேட்க வேண்டியதை அவள் போன சனிக்கிழமையே கேட்டாயிற்று. அன்றைக்குச் சின்ன வெங்காயம். ஜெனோவின் குரல் இறங்கியது, இறங்கினால் தாயின் காது தானாக நிமிரும், ஏன் க்னோட என்றாள் பிள்ளை, ஒரு கட்டி. உண்டர் டி ஆர்ம, கைக்கு அடியில், இடது பக்கம், மார்பில். அமலோற்பவம் வெங்காயத்தைக் கையில் பிடித்தபடியே இருந்தாள். அந்தச் சொல்லை வகுப்பில் சொல்லிக்கொடுத்தது அவளேதான். பிலோமியை அடக்கம் பண்ணி, படுத்து எழுந்து எடுத்த முதல் வகுப்புகளில் ஒன்று, நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகள், மார்பில் கட்டி எதையாவது கவனித்தீர்களா, அந்த இடத்தில் அவள் நின்றுவிட்டாள், திரையில் சின்னச் சின்னக் கட்டத்துக்குள் பிள்ளைகள் காத்துக்கொண்டிருந்தார்கள், அவள் தண்ணீர் குடித்துவிட்டு ‘வைட்டர்’ என்றாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒருத்தி அந்தச் சொல்லை எடுத்து, தூசி தட்டி, தன் ஜனங்களின் வண்டியில் ஏற்றிவைத்துக்கொண்டிருக்கிறாள். வைத்துக்கொண்டிருந்து இத்தனை வருஷம் கழித்து எடுத்துப் பேசுகிறாள். மோடரிடம் சொல்லமாட்டேன் என்றும் சொன்னாள், அம்மாவிடம் சொல்லமாட்டேன். சொன்னால் படுத்துவிடுவாள், நான் மறுபடியும் அவளைப் புரட்ட வேண்டிவரும். அதற்கு அந்தத் தனிச் சொல்லைத்தான் போட்டாள்.

சொல்லிவிட வேண்டியதுதானே, எழுந்து போய், ஏண்டி கட்டி இருக்குன்னு எங்கிட்ட ஏன் சொல்லல என்று ரெண்டு அறை அறைந்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போக வேண்டியதுதானே என்று ஊரில் இருக்கிற எந்தத் தாயும் கேட்பாள். அமலோற்பவமும் தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள், ஒரு வாரமாக, பல் விளக்கும்போது, பஸ்ஸில், வகுப்புக்கு நடுவில். வைட்டர்களின் சட்டம் தெரியாத தாய்களுக்கு அது சுலபம். அவளுக்கு எல்லாச் சட்டமும் அத்துப்படி. காலையில் முதலில் விழித்தவர் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டும்வரை வாய் திறக்கக் கூடாது. பொய் சொன்னவர் அடுத்த ஆறு வரும்வரை கடைசி வண்டிக்குப் பின்னால் தூசியைத் தின்றுகொண்டே நடக்க வேண்டும். இதெல்லாம் நல்ல சட்டம்தான், நம் பிளாட் அசோசியேஷனில் இதில் பாதி இருந்தால் போதும் என்று நினைத்திருக்கிறாள். ஆனால் இன்னொன்று உண்டு. வெளியாள் காதில் பாஷை விழுந்து விளங்கியும் விட்டால் அந்தப் பாஷை எச்சில். அன்றைக்கே கூடாரத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட வேண்டும், பேசின சொல்லையெல்லாம் அடுப்புச் சாம்பலோடு அங்கேயே கொட்டிவிட வேண்டும். ஒட்டுக்கேட்டவனுக்கு ஓர்தீப் என்று பெயர், காதுத் திருடன். உப்பு விற்கிறவன் ஒருவன் இப்படித்தான், ஒரு குளிர்காலம் முழுக்க வண்டிகளுக்குப் பின்னாலேயே போய், நெருப்புக்கு எட்ட உட்கார்ந்து பாஷையைக் கற்றுக்கொண்டானாம். கற்றதைச் சொன்னால் சந்தோஷப்படுவார்கள், தன்னையும் ஒருவனாகச் சேர்த்துக்கொள்வார்கள் என்று நினைத்து, வசந்தம் வந்ததும் அவர்கள் பாஷையிலேயே வணக்கம் சொல்லி உப்புக்கு விலை சொன்னான். யாரும் திட்டவில்லை. சிரித்தார்கள், சூப் கொடுத்தார்கள், விடிந்து பார்த்தால் ஒரு வண்டிகூட இல்லை. அவன் அந்தப் புல்வெளியில் நின்று, உலகத்தில் யாரும் பேசாத பாஷையில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். ஜெனோ இந்தக் கதையை மெஹருக்குச் சொன்ன அன்றைக்கு அமலோற்பவம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், காம்பையும் சேர்த்து ஆய்ந்துவிட்டு அப்புறம் பொறுக்கினாள்.

கதைதானே என்று விட முடியாது, ஒரு தடவை நடந்தது. இப்போது இருக்கிறது இரண்டாவது பாஷை. முதலாவது பிளஸ் டூ படிக்கும்போது செத்தது. டியூஷனில் கூடப் படிக்கிற ஒருத்தி இவர்கள் பேசுவதைக் கவனித்துக் கவனித்து, நாலைந்து சொல்லை விளங்கிக்கொண்டு போர்டில் எழுதிப்போட்டுவிட்டாள், டியூஷனே சிரித்தது. அன்றைக்குச் சாயங்காலம் ஜெனோ வீட்டுக்கு வந்து பையை வைத்துவிட்டுக் கை கால் கழுவினாள், அதோடு சரி. பால்கனியில் பேச்சில்லை. எதைக் கேட்டாலும் ம். இட்லியைப் பிட்டு வைத்துவிட்டு எழுந்துவிடுவாள், உடம்பு துரும்பாகிவிட்டது, கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய், சுவரைப் பார்த்து, ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தாள். இப்போது புரட்டிவிடுவது அமலோற்பவத்தின் முறை, ஆனால் பிள்ளை அவளைத் தொடவிடவில்லை. மழைக்காலம் போய், கிறிஸ்துமஸ் குடில் கட்டுகிற சமயத்தில்தான் ஒரு சனிக்கிழமை ஜன்னல் வழியாக மறுபடியும் குரல் கேட்டது, ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஓசையே மாறியிருந்தது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள், முன்னைவிடக் குளிரான ஊர் போலிருக்கிறது, சொல்லெல்லாம் வாயை ஒடுக்கிக்கொண்டு வந்தது. அமலோற்பவம் வெங்காயமே இல்லாமல் அழுதாள், அழுதுவிட்டு முதலிலிருந்து கற்றுக்கொள்ளத் தொடங்கினாள். ஜெர்மன் டீச்சர்தானே, வேறு எதற்கு இருக்கிறது அந்த சர்டிபிகேட்டெல்லாம். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு சொல், இரண்டு சொல். பாஷை இருந்தால் பிள்ளை சாப்பிடுகிறது, சிரிக்கிறது. பாஷை போனால் பிள்ளை போய்விடுகிறது. இப்போது அந்தப் பிள்ளையின் உடம்பில் கட்டி இருக்கிறது, அதைச் சொல்ல அதற்கு அந்தப் பாஷை ஒன்றுதான் இருக்கிறது.

அதனால் அவள் குறுக்கு வழிகளில் போய்ப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை சாப்பிடும்போது, “கோயில் ஹால்ல லேடீஸுக்கு மெடிக்கல் கேம்ப் போடுறாங்களாம்டி, நாம ரெண்டு பேரும் போய்ட்டு வந்துரலாமா” என்றாள், கேம்பும் இல்லை ஒன்றும் இல்லை, பிள்ளை வருகிறேன் என்றால் அப்புறம் எங்கேயாவது கேம்ப் தேடிக்கொள்ளலாம். “எனக்கென்னம்மா, நான் நல்லாத்தான இருக்கேன். நீ வேணா போயிட்டு வா, உனக்குத்தான் முட்டி வலிக்குதுங்கற” என்றாள் ஜெனோ, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். அடுத்த நாள், சுடிதாருக்கு அளவு எடுக்கிறேன் என்று டேப்பைக் கொண்டுபோனாள். “இப்ப யாரும்மா தைக்கிறா, ரெடிமேட்தான்.” நெஞ்சுச் சளி மாதிரி இருக்கு, தைலம் தேய்த்துவிடவா என்றாள். “எனக்கு எங்க சளி இருக்கு?” இல்லைதான். கனவு கண்டேன் என்று சொல்லலாமா, அந்தோணியார் கனவில் வந்து உன் மகளை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ என்றார் என்று. அந்தோணியார் தொலைந்துபோன பொருளைத்தான் தேடிக்கொடுப்பார், அவர் பெயரைச் சொன்னால் பிள்ளை சிரித்துவிடும். மெஹர் சொன்னாள் என்று பழியை அவள் மேல் போடலாம். அது சுலபம், மெஹர் கோயம்புத்தூரில் இருக்கிறாள், இந்தப் பிள்ளை கோபப்பட்டு போனை வைத்துவிடும், கட்டியோடு ஆஸ்பத்திரிக்கும் வந்துவிடும், பாஷையை மட்டும் இல்லாமல் பேச இருந்த ஒரே ஆளையும் தொலைத்துவிட்டு வரும். நீ தூங்குகிறபோது பார்த்தேன், குளிக்கிறபோது பார்த்தேன், எதைச் சொன்னாலும் பிள்ளைக்குப் புத்தி இருக்கிறது, நூலைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்து சேர்ந்துவிடும். இப்படியே சனிக்கிழமை வந்துவிட்டது, நெத்திலியும் பாதிக்கு மேல் ஆகிவிட்டது, கிண்ணத்தில் தலைகள் குவிந்து கண்ணைத் திறந்துகொண்டு அவளையே பார்த்தன.

மெஷின் மறுபடி நின்றது. அழுக்குத் தண்ணீர் குழாய் வழியாக இறங்குகிற சத்தம், அதுவும் நின்றது. இந்தத் தடவை ஜெனோ சிரிக்கவில்லை. க்ரோட்டர், என்றாள். பெரிசாயிருக்கு. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவ்வளவு பக்கத்தில், அந்தச் சொல்லைக் கையை நீட்டித் தொட்டுவிடலாம். எனக்குத்தான் அப்படித் தோணுதோ என்னவோ, தினம் தொட்டுப் பார்த்துப் பார்த்து, என்றாள் பிள்ளை அந்த ஜனங்களின் பாஷையில், பரீட்சை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம், வைட்டர்கள் ஆற்றைத் தாண்டின பிறகுதான் புண்ணைப் பார்ப்பார்கள். மெஹர் அந்தப் பக்கம் என்ன சொன்னாளோ, இல்ல இல்ல, அம்மாவுக்குத் தெரிய வேணாம் என்றாள் ஜெனோ. பிறகு மெஷின் தண்ணீரைப் பிழியத் தொடங்கி, ஜன்னல் கம்பியெல்லாம் அதிர்ந்தது, ஒன்றும் கேட்கவில்லை.

பெரிசாயிருக்கு. பரீட்சை முடியட்டும். பிலோமியும் இப்படித்தான் சொன்னாள், பண்டிகை முடியட்டும், தம்பி கல்யாணம் முடியட்டும், பிள்ளைக்கு பீஸ் கட்டி முடியட்டும், ஒவ்வொரு ஆறாகத் தாண்டிவிட்டு, கடைசியில் தம்பி மகன் ஞானஸ்நானத்தன்றைக்கு மண்டபத்துப் பாத்ரூமுக்குள் கூப்பிட்டுத் தாழ்ப்பாளைப் போட்டு, பட்டுச் சேலை முந்தானையை வாயில் கடித்துக்கொண்டு காட்டினாள். பாத்ரூமுக்கு வெளியே பாட்டுக் கச்சேரி. ஏன்க்கா இவ்வளவு நாளா சொல்லல என்று அமலோற்பவம் கேட்டதற்கு, சொன்னா நீ பயப்படுவ என்றாள் அக்கா. எல்லோரும் இவளுக்காகத்தான் சொல்லாமல் இருக்கிறார்கள். இவள் பயப்படுவாள், இவள் படுத்துவிடுவாள், இவளைப் புரட்ட வேண்டும். நான் என்ன அவ்வளவு பெரிய ஆளா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது, ஒரு மீனைக் கிள்ளுவதற்குப் பதில் நசுக்கிவிட்டாள். சரி, நீ ஏன் இன்னும் எழுந்திருக்கவில்லை என்று அந்த ஆத்திரம் அவள் பக்கமே திரும்பியது. பிள்ளையின் பாஷை போய்விடும் என்றா? நிஜமாகவா? சனிக்கிழமை காலையில் இந்த ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, பெற்ற பிள்ளை யார் என்று வாரம் ஒரு தடவை தெரிந்துகொள்கிறாயே, அது போய்விடும் என்றா? பாஷை எச்சிலாகி ரொம்ப நாளாயிற்று, நீ கேட்ட அன்றைக்கே ஆயிற்று, அந்தப் பிள்ளைக்குத்தான் தெரியாது. உப்பு விற்கிறவனாவது நேரே போய் வணக்கம் சொன்னான், நீ சூப் மட்டும் குடித்துக்கொண்டிருக்கிறாய். அதுவும்கூட இல்லையோ. அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது, அவள் அதைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்தாள், ஒரு வாரமாகச் சுற்றுகிறாள். எழுந்து போய்க் கேட்டால், ஆமாம் என்று பிள்ளை தமிழில் சொல்லிவிடும். தமிழில் சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும். அந்தப் பாஷையில் இருக்கிறவரை கட்டி அந்தப் புல்வெளியில் யாரோ ஒரு வைட்டர் பெண்ணுக்கு வந்தது மாதிரி இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது என்று அமலோற்பவம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், பிள்ளைக்காக இல்லை, பாஷைக்காக இல்லை, எனக்கு, எனக்குத்தான் பயமாக இருக்கிறது. சொன்னதும் உடம்பு லேசானது என்றெல்லாம் இல்லை. முட்டி வலித்தது. ஆனாலும் சுவரில் முழங்கையை ஊன்றி எழுந்துவிட்டாள், மீன் இன்னும் மிச்சம் இருந்தது, பூனை வந்தால் வரட்டும்.

பால்கனிக் கதவைத் தோளால் தள்ளித் திறந்தாள், கையெல்லாம் செதிலும் ரத்தமும். மெஷின் அப்போதுதான் நின்று, முடிந்துவிட்டது என்று கீச்சுக் குரலில் பாடியது. ஜெனோ நிமிர்ந்து பார்த்துவிட்டு, போனில், பொறு, அம்மா வந்திருக்கு என்றாள் அந்தப் பாஷையில், உடனே தமிழுக்குத் தாவி, “என்னம்மா? நானே காயப் போடுறேன், நீ போ” என்றாள். அமலோற்பவம் தமிழில்தான் சொல்ல வந்தாள். கட்டி என்ற சொல் நாக்குவரை வந்து நின்றது. பிலோமிக்குப் பிறகு அந்தச் சொல்லை அவள் தமிழில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை, தயிர்க்கட்டியைக்கூட அவள் வேறு விதமாகத்தான் சொல்லுவாள். வாயைத் திறந்தால் வேறு வந்தது.

“இக் ஹாவ ஹோர்ட,” என்றாள். நான் கேட்டேன். “ஏன் க்னோட. உண்டர் டி ஆர்ம.”

இத்தனை வருஷம் காதால் மட்டுமே படித்த பாஷை, வாயில் அதற்கு வேறு ருசி. டீச்சர் குரலில், ஒவ்வொரு சொல்லும் நிறுத்தி நிறுத்தி வந்தது. ஜெனோவின் முகத்தில் ரத்தமே இல்லை. போனிலிருந்து மெஹரின் குரல் சின்னதாகக் கேட்டது. “ஏய், யாருடி அது? யாரு பேசுனது?”

ஜெனோ போனைக் காதிலிருந்து இறக்கினாள். தாயைக் கால் முதல் தலைவரை பார்த்தாள், முன்பின் பார்க்காத ஆளைப் பார்ப்பதுபோல. “எப்பேர்ந்து தெரியும்?” என்றாள்.

“மொத பாஷையிலேர்ந்து.”

“மொத பாஷையிலேர்ந்தா?”

“ம்.”

“அப்ப உப்பு விக்கிறவன் கதையும் கேட்டிருப்ப.”

“கேட்டேன்.”

“கேட்டும் வந்து நிக்கிற.”

“நிக்கிறேன்டி. என்ன செய்யச் சொல்ற? பெருசாயிருக்குன்னு சொல்ற நீ, நான் மீன் ஆஞ்சுக்கிட்டு இருக்கவா?”

ஜெனோவின் கண்ணில் கோபம் வந்தது, வந்து அங்கேயே நின்றது, அதில் தண்ணீரும் சேர்ந்துகொண்டது. அவள் போனை வாய்க்குக் கிட்டத்தில் கொண்டுபோனாள். “மெஹர்,” என்றாள், “ட்செல்ட ஆஃப்.” கூடாரத்தைப் பிடுங்கு. மெஹர் அந்தப் பாஷையில் ஏதோ ஒன்று கேட்டாள், எல்லாமேவா என்று கேட்ட மாதிரி இருந்தது, எல்லாமே என்றாள் ஜெனோ, போனை வைத்துவிட்டாள். அமலோற்பவம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வலிக்கு இருந்த சொல்லெல்லாம் போயிற்று, அந்தப் பாட்டுப் போயிற்று, மாடுகளுக்குத் தண்ணீர் காட்டுகிறவர்கள் போய்விட்டார்கள், அவள்தான் போகவைத்தாள். அழக்கூடாது, இப்போது அழுதால் பிள்ளை நம்மைப் பார்க்க வந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். கீழே தெருவில் ஒருவன் பழைய இரும்பு ஈயம் பித்தளை என்று கத்திக்கொண்டு போனான்.

“எனக்குப் பயமா இருக்கும்மா,” என்றாள் ஜெனோவா. தமிழில் சொன்னாள். சொல்லிவிட்டு, யாரோ பேசினது போல அவளே திடுக்கிட்டாள்.

“எனக்கும்தான். எங்க, காமி.”

“கை மீன் நாறுது உனக்கு.”

“இரு, கழுவிட்டு வர்றேன்.”

“வேணாம். நீ போயிட்டு வந்தா நான் மாட்டேன்னுடுவேன்.” ஜெனோ தாயின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, டி-ஷர்ட்டுக்கு அடியில் கொண்டுபோய், தானே விரல்களை அழுத்தி வைத்தாள். இடது பக்கம், அக்குளுக்குக் கொஞ்சம் கீழே. பிள்ளையின் நெஞ்சு படபடவென்று அடிப்பது அமலோற்பவத்தின் உள்ளங்கையில் தெரிந்தது. கட்டி இருந்தது. மொச்சைக்கொட்டை அளவு, கெட்டியாக. கண்ணை மூடிக்கொண்டாள், மண்டபத்துப் பாத்ரூமில் பிலோமியின் மார்பைத் தொட்டது விரலில் அப்படியே இருந்தது, அது சதையோடு சதையாகப் பிடித்துக்கொண்டிருந்தது, எப்படித் தள்ளினாலும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. இங்கே விரலை வைத்து மெல்லத் தள்ளினாள். அது வழுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனது. இந்தப் பக்கம் தள்ளினாள், இந்தப் பக்கம் வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்ல டாக்டர் இருக்கிறார், மத்தியானத்துக்குள் போய்விடலாம், ஆட்டோ பிடித்தால் போய்விடலாம். அவள் இன்னொரு தடவை தள்ளிப் பார்த்தாள்.

“நகருதாம்மா?” என்றாள் ஜெனோவா.

“நகருதுடி,” என்றாள் அமலோற்பவம், கையை எடுக்காமல். “நகருது.”